எனக்கு ஒண்ணுமில்லை

சாமி,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ சென்னையிலிருந்து போன் செய்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொன்னேன். அந்தப் பதில் பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மறுபடியும் போன் செய்தே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிங்மா" என்று வைத்துவிடுவாய். நானும் சொல்லியாகிவிட்டது என்று அடுப்படிக்குள் போய்விடுவேன். எழுதினால் இரண்டு பேருக்கும் தப்பிக்க வழி குறைவு. கொஞ்சம் நீளமாகத்தான் வரும். முன்னைப்போல் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுத முடிவதில்லை. முதுகு வலிக்கிறது, கண் கரிக்கிறது. இரண்டு நாளாக விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீயும் அவசரப்படாமல் படி.

நீ கேட்டது உனக்கு நினைவிருக்கும். ஆவணியில் உன் மனைவியாகப் போகிற யமுனா வாட்ஸப்பில் மூன்று வரி அனுப்பியிருந்தாள். அதை எனக்குப் படித்துக் காட்டினாய். "அத்தை சொன்ன மாதிரியே இருக்கட்டும். எனக்கு ஒண்ணுமில்லை. நீங்க டென்ஷன் ஆகாதீங்க." படித்துவிட்டு, "ஏம்மா, நீங்க தமிழ் டீச்சருதானுங்க, இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க பாக்கலாம்," என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் பயம் கலந்திருந்தது. எனக்கு நன்றாகவே கேட்டது.

"என்ன அர்த்தம்? சரின்னு சொல்லியிருக்கறா. அதுல நோண்டறதுக்கு என்ன இருக்குது?" என்றேன்.

"கோவமா இருக்கறாளோன்னு நெனச்சேன்."

"கோவம் இருந்தா எழுதாமயா இருப்பா? அந்தப் புள்ள அப்படியெல்லாம் இல்ல சாமி."

"அப்பச் சரிங்மா," என்று நீ மூச்சு விட்டது கூடக் கேட்டது. வைத்துவிட்டாய். வெளியே நம் கோழிப்பண்ணைக்கு முட்டை வண்டி வந்து நின்று, உன் அப்பா அட்டைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று வரிக்கு நான் சொன்ன அர்த்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை எழுத வைத்தவளே நான்தான்.

என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. இருபது நாளைக்கு முன்னால் முகூர்த்தச் சீலை எடுக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். யமுனா, அவள் அம்மா, நான் மூன்று பேர்தான். ஆட்டோ சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே இறக்கிவிட்டுவிட, கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நடந்து போய்ச் சேர்ந்தோம். கடையில் யமுனா கடுகு மஞ்சளில் பச்சைக் கரை போட்ட ஒரு சீலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அப்போது அவள் அம்மா பேச்சை எடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு நீ சென்னை வேலையை நாமக்கல் வீட்டிலிருந்தே பார்க்கப் போவதாகவும், யமுனா தினமும் பஸ்ஸில் சேலம் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்துபோவதாகவும் நீங்கள் இரண்டு பேரும் பேசிவைத்திருக்கிறீர்களாம். "உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்களே?" என்று கேட்டார்.

நான் யமுனாவைப் பார்த்து, உன்னைப்போல அவளையும் சாமி என்றே கூப்பிட்டுச் சொன்னேன்: "வேலைக்குப் போறதும் போவாததும் உன்ற இஷ்டம் சாமி. நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம். ஆனா வெடிகாலம் எந்திரிச்சுச் சமைச்சு வெச்சு, பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னு, பொழுதெறங்க வந்து மறுபடியும் அடுப்படிக்குள்ள போறது ஒடம்புக்கு ஆகுமான்னு நீயே ரோசன பண்ணிக்க. பட்டவ சொல்றேன்."

"பாக்கலாமுங்க அத்தை," என்றாள் யமுனா. தோளில் இருந்த சீலையை எடுத்து, மடிப்புக் கலையாமல் மடித்து, கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். நான் ஒதுக்கி வைத்திருந்த அரக்குச் சீலையைக் காட்டி, "இதையே எடுத்துக்கலாமுங்க," என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண் என்று அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

நான் சொன்னதை ஒரு பத்தியாக அச்சடித்துப் பரீட்சையில் கொடுத்து, கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தால், பிள்ளைகள் "அத்தை தன் மருமகளுக்கு முழுச் சுதந்திரம் அளிக்கிறார்" என்று எழுதியிருப்பார்கள். நானும் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். சொற்கள் அப்படித்தானே இருக்கின்றன? உன் இஷ்டம் என்று இருக்கிறது. ஒன்றும் சொல்லமாட்டோம் என்றும் இருக்கிறது. ஒன்றும் சொல்லமாட்டோம் என்று சொல்லிவிட்டு நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததை யமுனா மட்டும் கவனித்தாள். நான் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் போய்வந்து, வீட்டு வேலையும் பார்த்து, போன மே மாதம் ஓய்வு பெற்றவள். அலுத்துப் போயிருக்கிறேன் சாமி. அடுப்படியை யார் கையிலாவது கொடுத்துவிட்டு ஒரு பக்கம் சாய வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஆசையைத்தான் அவள் உடம்பு மேல் எனக்கு இருக்கிற அக்கறை மாதிரி பேசினேன். பொய் அக்கறை என்று சொல்லமாட்டேன், அக்கறையும் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சை நடத்திக்கொண்டு போனது அது இல்லை.

மற்றவர் எழுதியதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பதே என் வேலையாக இருந்தது. "இப்பத்தியின் வாயிலாக ஆசிரியர் உணர்த்தும் கருத்து யாது?" எத்தனை ஆயிரம் பிள்ளைகளிடம் கேட்டிருப்பேன்! அதற்கு நான் காட்டிக்கொடுத்த வழி மிகவும் சுலபமானது. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு, அந்த வரியை அப்படியே எடுத்து எழுது, மதிப்பெண் வந்துவிடும். வந்தது. உள்ளுறை, இறைச்சி, குறிப்புப்பொருள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் வரையறையை மனப்பாடம் செய்தார்கள். எழுதியவர் இந்த வரியைச் சிரித்துக்கொண்டு எழுதினாரா, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாரா, யாராவது பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்று பயந்து எழுதினாரா என்று ஒருநாளும் வகுப்பில் கேட்டதில்லை. அதைக் கேட்டிருந்தால் எனக்கே ஒரு பழக்கம் வந்திருக்கும். உன் விஷயத்தில் அது உதவியிருக்கும்.

நீ பதினொன்றாம் வகுப்பில் விடுதியில் இருந்ததைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. நீ பேசவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது பேசிவிடுகிறேன். வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டரில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில், விடுதியிலேயே தங்கினால்தான் மார்க் வரும் என்று உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். உன் அப்பாவுக்கு அதில் மனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் போனில் பேசலாம், அதுவும் வார்டன் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு. வாரம் ஒரு கடிதம் எழுது, தமிழ்ப் பேப்பருக்கும் பயிற்சியாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். நீ எழுதினாய். கடிதங்களை வார்டன் படித்துவிட்டுத்தான் அனுப்புவார் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

வந்த கடிதங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்தி, உன்னைப் பார்க்க வரும் நாளில் உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஒற்று விட்ட இடத்திலெல்லாம் ஒற்றுப் போட்டேன். ஒரு கடிதத்தில், "இங்கு எல்லாம் நன்றாக இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது. விடுதி நன்றாக இருக்கிறது. வார்டன் ஐயா மிகவும் நல்லவர். நான் இப்போது நின்றுகொண்டே படிக்கப் பழகிவிட்டேன்," என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே வீட்டைப் பற்றி ஒரே கேள்வி மயமாக இருந்தது. நாய் சாப்பிடுகிறதா, அப்பா எத்தனை மணிக்கு எழுகிறார், என் கட்டிலில் யாராவது படுக்கிறார்களா, புது ஷெட்டுக்குக் கோழி வந்துவிட்டதா. நான் அந்த "நன்றாக"வை எல்லாம் வட்டமிட்டேன். ஓரத்தில், "கூறியது கூறல் குற்றம். வேறு சொற்களைப் பயன்படுத்து," என்று எழுதினேன். நின்றுகொண்டே படிக்கிறேன் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு "மிக நன்று" என்று எழுதினேன். பையன் தூக்கம் வராமல் இருக்க நின்று படிக்கிறான் என்று எனக்குப் பெருமை. அடுத்த கடிதத்தில் நீ "சாப்பாடு சிறப்பாக உள்ளது, விடுதி செம்மையாக உள்ளது" என்று மாற்றி எழுதியிருந்தாய். அதை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

காலாண்டு விடுமுறைக்கு வந்தாய். மறுநாள் காலையில் பண்ணைத் தொட்டியில் நீ குளித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா அந்தப் பக்கம் வந்தார். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரல் கேட்டது. "இதென்னடா காலெல்லாம்?"

"ஸ்டடி அவர்ல தூங்கிட்டனுங்கப்பா."

"தூங்குனா இப்படியா? பழைய தழும்பு வேற இருக்குது. எத்தன நாளா நடக்குது இது?"

நீ தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடா?"

"அம்மாவுக்கு எழுதுனனுங்களே," என்றாய்.

கையில் இருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். நீ பையில் கொண்டுவந்திருந்த கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் சிவப்பு மை மட்டும்தான் கண்ணில் பட்டது. அதைத் தள்ளிவிட்டு உன் எழுத்தை மட்டும் படிக்க வெகுநேரம் ஆயிற்று. உட்கார முடியாத அளவுக்கு அடி வாங்குகிற பிள்ளை, அடிக்கிறவர் கண் வழியாகப் போகிற கடிதத்தில் வேறு எப்படி எழுதுவான்? அந்த நாலு வரியில் நாலு தடவை நன்றாக, நல்லவர் என்று ஏன் எழுதுவான்? எழுதத் தெரியாமல் இல்லை, எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அத்தனை தடவை எழுதியிருக்கிறாய். எதையெல்லாம் கேட்டிருந்தாயோ அங்கேதான் உன் மனசு இருந்திருக்கிறது. விடுதியைப் பற்றி எழுதியதில் உயிரே இல்லை, வீட்டைப் பற்றிக் கேட்டதில் மட்டும்தான் நீ இருந்தாய். இவ்வளவும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. நான் ஒற்றுப்பிழை பார்த்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தினால் நான் ஏதோ கவனக்குறைவாக இருந்தவள் என்றுதான் ஆகும். அதுமட்டும் இல்லை. அன்று சாயங்காலமே உன் அப்பா, "நாளைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கியாந்தறேன்," என்றபோது நான், "இந்த வருசம் மட்டும் முடிச்சறட்டுமே," என்றேன். உன் தழும்பைப் பார்த்த பிறகு அதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் போய்ப் பெட்டியோடு வந்தார். நீ என் பள்ளிக்கூடத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாய். நான் நினைத்த மார்க் வரவில்லை. அதனால் உனக்கு ஒன்றும் குறைந்துவிடவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ எனக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. கோயமுத்தூரில் நாலு வருடம் படித்தபோதும் போன்தான். எதைக் கேட்டாலும் நல்லா இருக்கறேனுங்மா. அந்த "நல்லா"வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த விடுதிக் கடிதம் நினைவுக்கு வரும். இப்போதும்தான்.

அதற்குப் பிறகு எனக்கு வேறொரு வியாதி வந்தது. எதைப் படித்தாலும் அதற்குள் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று தோண்ட ஆரம்பித்தேன். திருச்செங்கோட்டில் இருக்கிற உன் சித்தியோடு நாலு வருடம் நான் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும். காரணம் தெரியாது. நீ கேட்டபோதெல்லாம் "அவளுக்குப் பெரிய எடம் ஆயிருச்சு" என்று மட்டும் சொன்னேன். காரணம் ஒரே ஒரு சொல். புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு நாள் குறித்துவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பினாள்: "முடிஞ்சா வாங்கக்கா." கூடப் பிறந்தவளை முடிந்தால் வா என்று கூப்பிடுவாளா ஒருத்தி? வராவிட்டாலும் பரவாயில்லை என்கிறாள், வசதி வந்ததும் அக்கா வேண்டாதவளாகிவிட்டாள் என்று நானே முடிவு செய்தேன். போகவில்லை. போன் வந்தபோது எடுக்கவும் இல்லை. போன வருடம் உன் நிச்சயத்துக்குத் தட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினேன்.

"ஏக்கா, அப்ப நீ பேப்பர் திருத்தப் போயிட்டிருந்த. முட்டி வீங்கிப் படியேற முடியலைன்னு அதுக்கு ரெண்டு நாள் முன்னாலதான் போன்ல அழுத. நான் வான்னு சொன்னா நீ வலியோட வந்து நிப்ப. அதுனாலதான் முடிஞ்சான்னு போட்டேன். பூசை முடியற வரைக்கும் உனக்குன்னு ஒரு சேர் போட்டு வெச்சிருந்தேன், ஆரையும் உக்கார உடல," என்றாள்.

முட்டி வீங்கியிருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது சாமி. அவளுக்கு நினைவிருந்தது. எழுத்தில் குரல் இருப்பதில்லை, படிக்கிறவர்தான் ஒரு குரலைப் போட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது. என் தங்கையின் வரிக்கு நான் என் மனத்தாங்கலின் குரலைப் போட்டேன். உன் கடிதத்துக்கு என் பெருமையின் குரலைப் போட்டேன். ஒன்றில் இருந்ததைப் பார்க்கவில்லை, மற்றதில் இல்லாததைப் பார்த்தேன். இரண்டு தடவையும் எழுதியவர் யார், எந்த நிலையில் உட்கார்ந்து எழுதினார், யாருக்குப் பயந்து அல்லது யாரை நினைத்து எழுதினார் என்று கேட்கவே இல்லை. இரண்டு பேருமே எனக்கு அத்தனை வேண்டியவர்கள்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்குப் பிறகு என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறினேன். உன் அப்பாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். யமுனா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனால், கதவு திறந்திருந்தது. லாரி பாடி பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவராம், ஐம்பது வயது இருக்கும், தோள் பிடித்துக்கொண்டு கை தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். யமுனா அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, "அண்ணா, கையத் தூக்கச் சொன்னா மொகத்தத் தூக்கறீங்க! இன்னும் அஞ்சு. நான்தான் எண்ணுவேன். நீங்க எண்ணுனா மூணுக்கு அடுத்தது பத்து வந்துருது," என்று சத்தமாகச் சொன்னாள். அந்த மனிதர் வலியோடு சிரித்தார். கை இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று. "பாத்தீங்களா! போன வாரம் இந்த ஒசரத்துக்கு வந்துச்சுங்களா? வீட்ல போய் அக்காகிட்டக் காட்டுங்க."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. நம் வீட்டுக்கு வந்தபோதும் சரி, கடையிலும் சரி, "பாக்கலாமுங்க", "சரிங்க அத்தை" என்று அடங்கின குரலைத்தான் கேட்டிருக்கிறேன். அடக்கமான பெண் என்று நான் நினைத்தது அவள் சுபாவம் இல்லை. என் முன்னால் அவள் குறைந்துபோகிறாள். உனக்கு அனுப்பிய மூன்று வரியிலும் இந்தக் குரல் ஒரு எழுத்தில்கூட இல்லை. கேலி இல்லை, கேள்வி இல்லை, சண்டைகூட இல்லை. அதை நீ கவனித்திருக்க வேண்டும். நான் அவளை நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன். நீ ஒரு வருடமாகப் பேசுகிறாய்.

என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "சொல்லாம வந்துட்டீங்களே அத்தை! யாருக்காவது ஒடம்பு முடியலீங்களா?" கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கி வைத்தாள்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கறோம். நீ எழுதுன ஒரு வரி எனக்குப் புரியல சாமி. உன்னையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"நான் உங்களுக்கு ஒண்ணும் எழுதலீங்களே."

"எம் பையனுக்கு எழுதுனது."

அவள் முகம் மாறியது. "அத உங்களுக்குப் படிச்சுக் காட்டுனாருங்களா?"

"அவனுக்குப் பயம். என்ன அர்த்தம்னு என்னைக் கேட்டான்."

"அர்த்தம் என்னையத்தானுங்களே கேக்கணும்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த வார்த்தை உனக்குச் சேர வேண்டியது, அதனால் அப்படியே எழுதுகிறேன். அவள் உனக்கென்று எழுதியதை நீ என்னிடம் கொண்டுவந்து காட்டினாய். நானும் அது என்னிடம் வர வேண்டியது இல்லை என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதியிருந்தியே. மறுப்பு ஒண்ணுமில்லைன்னு அவன் நெனச்சுக்கிட்டான். நானும் அப்படித்தான் சொல்லி வெச்சேன்," என்றேன்.

யமுனா டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குன்னு அங்க ஒண்ணுமில்லைன்னு எழுதுனேனுங்க அத்தை. அப்படி நேரா எழுதுனா சண்டைக்காரின்னு ஆயிரும். அதான், அவருக்குப் புரியுதான்னு பாத்தேன்."

அதே சொற்கள்தான் சாமி. எனக்கு ஒண்ணுமில்லை. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் விட்டுக்கொடுக்கிறாள். இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் கையை விரிக்கிறாள். எதைப் பிடித்துக்கொள்வது என்று சொல்ல எந்த இலக்கணமும் இல்லை. நீ நிம்மதியாக இருக்க எது வசதியோ அதை எடுத்துக்கொண்டாய். நானும் எனக்கு வசதியானதையே சொன்னேன்.

"அன்னைக்குக் கடையில உன்ற இஷ்டம்னு சொன்னனே, அது பொய் சாமி. நீ வேலைய உட்டுறணும்னுதான் சொன்னேன். எனக்குச் சலிச்சுப் போச்சு, என்ற வேலைய ஆராவது வாங்கிக்கிட்டாத் தேவலைன்னு இருந்துச்சு," என்றேன்.

"தெரியுமுங்க அத்தை," என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனவளுக்கு அந்தத் "தெரியுமுங்க"வைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

"வேலைய உடாத. சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாம், நான் இவருகிட்டப் பேசறேன். இதுல உள்ள ஒண்ணும் வெச்சுப் பேசல," என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், ஒரு தாளைப் படிக்கிற மாதிரி. பார்க்கட்டும் என்று நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"யோசிக்கறேனுங்க," என்றாள்.

"வேலையப் பத்தியா?"

"இல்லீங்க. வேலைய நான் எப்படியும் விடமாட்டேன். கல்யாணத்தப் பத்தித்தான் யோசிக்கறேன்."

டீ ஆறிப்போயிருந்தது. பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது, மண்டபம் பேசியாகிவிட்டது, இதெல்லாம் மனதில் வந்தது. ஒன்றையும் வெளியே விடவில்லை. "இத அவன்கிட்டச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லிக்குங்க. ஆனா நீங்க சொல்லி அவர் தெரிஞ்சுக்கறது வேற, அவரா வந்து கேக்கறது வேறயுங்க அத்தை."

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பேசினாள். உன்னைப் பற்றித்தான். அதை நான் எழுதப்போவதில்லை. அது உன்னிடம் சொல்வதற்காக அவள் வைத்திருப்பது. என்னிடம் ஒத்திகை பார்த்தாள் என்று வைத்துக்கொள். அடுத்த நோயாளி வந்துவிட்டார் என்று கூப்பிட்டார்கள். "பஸ் ஏத்திவிட முடியலீங்க, பாத்துப் போங்க அத்தை," என்று எழுந்து போனாள். ராசிபுரம் தாண்டுகிறவரை எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம், கால் தானாக நின்றது.

இன்று காலையில் இதுவரை எழுதியதை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண் டாக்டர் பொய்யும் அதில் வெளியே வந்தது. பண்ணைக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்து, கையைக்கூடக் கழுவாமல் நின்றபடியே கேட்டார். விடுதிப் பகுதி வந்தபோது மட்டும் வெளியே பார்த்துக்கொண்டார். முடித்ததும், "இத்தன பக்கம் எதுக்கு? சேலத்துக்குப் போயி அந்தப் புள்ளையக் கேளுடான்னு ஒரு வரி எழுதலாமில்ல?" என்றார். "அப்புறம், ஊட்டு வேலைக்கு ஆளு வேணும்னா என்னையக் கேட்டிருக்கலாம். பண்ணைக்கு ஆறு ஆளு வெச்சிருக்கறனில்ல," என்றும் சொன்னார். முப்பது வருடமாக நான் கேட்காமலே அவருக்குப் புரிய வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தது அதுதான். இப்போது அதற்காக அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. நாளையிலிருந்து சமையலுக்கு ஓர் அம்மா வருகிறார்.

அவர் சொல்வது சரிதான், ஒரு வரி போதும். எனக்குத்தான் அந்த வரிக்கு வந்துசேர இவ்வளவு தூரமாயிற்று. சனிக்கிழமைகளில் யமுனாவுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிகிறது. மெசேஜ் அனுப்பாதே, போன் செய்யாதே, இது கைக்குக் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்பி நேரில் போ. கேள். அவள் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள், அதற்குள் வேறு ஒன்றைத் தேடாதே. வேண்டும் என்று சொன்னால் எப்படிச் சொல்கிறாள் என்று பார். எதுவானாலும் திரும்பும் வழியில் எனக்குச் சொல்ல வேண்டாம். நானும் கேட்கமாட்டேன்.

அம்மா